உயிர்நேய அலுவலக வடிவமைப்பு

உயிர்நேய அலுவலக வடிவமைப்பு என்பது பகலொளி, வெளிக்காட்சி, செடிகொடிகள், நீர், இயற்கைக் காற்று, மரம், கல் முதலியவற்றுக்கு அலுவலகங்களின் உட்புறத்தில் இடமளித்துப் பணியிடங்களைத் திட்டமிடும் முறையாகும். ஆங்கிலத்தில் இது பயோபிலிக் டிசைன் என அழைக்கப்படுகிறது. கட்டிடக்கலை, சூழல் உளவியல், தொழில்சார் நலவியல் ஆகிய துறைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இது வளர்ந்துள்ளது. நடைமுறையில் பலர் இதனை அலுவலகத்தில் தொட்டிச் செடி வைத்தல் என்றே புரிந்துகொள்கின்றனர். ஆனால் இதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒப்புநோக்கினால், இவ்வடிவமைப்பில் செடியைக் காட்டிலும் சாளரமே முதன்மையானது என்பது தெரியவரும். செடி பின்னாளில் வாங்கி வைக்கக்கூடியது. சாளரமோ கட்டிடம் வரைபடமாக இருக்கும்போதே முடிவாகிவிடுவது.

பெயர்

பயோபிலியா என்னும் சொல், கிரேக்க மொழியில் உயிர் எனப் பொருள்படும் பயோஸ், அன்பு எனப் பொருள்படும் பிலியா ஆகிய இரு சொற்களின் சேர்க்கையாகும். உளவியலாளர் எரிக் புரோம் 1964 இல் வெளியிட்ட நூலில் உயிருள்ளவற்றின் மீதான நாட்டத்தைக் குறிக்க இச்சொல்லை ஆண்டார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் எறும்புகளை ஆராய்ந்த உயிரியலாளர் எட்வர்டு ஓ. வில்சன் (1929–2021), இதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு 1984 இல் எழுதிய நூலின் வழியே இது பரவலாக அறியப்பட்டது. மனித இனம் தன் வரலாற்றின் மிகப் பெரும்பகுதியைத் திறந்தவெளியில் கழித்தது, ஆகவே பிற உயிர்களின் மீதும் இயற்கை நிகழ்வுகளின் மீதும் கவனம் செலுத்தும் போக்கு அதன் பிறவியிலேயே அமைந்துள்ளது என்பது அவரது கருதுகோள். இதனைக் கட்டிடங்களுக்குப் பொருத்தியவர்களுள் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசுடீபன் கெல்லர்ட் முதன்மையானவர். அவரும் வில்சனும் இணைந்து தொகுத்த நூல் 1993 இலும், உயிர்நேய வடிவமைப்பைப் பற்றி அவர் பிறருடன் இணைந்து தொகுத்த நூல் 2008 இலும் வெளிவந்தன.

தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் இல்லை. உயிர்நாட்டம், உயிர்நேயம் என இருவகையாகவும் மொழிபெயர்க்க இயலும். இக்கட்டுரையில் உயிர்நேயம் என்பதே ஆளப்படுகிறது.

அலுவலகத்திலிருந்து இயற்கை அகன்ற விதம்

மின்விளக்கு பரவுவதற்கு முன்னர் அலுவலகக் கட்டிடத்தின் அகலத்தைச் சாளரமே தீர்மானித்தது. எழுத்தர் ஒருவர் கணக்கேட்டைப் படிக்க வேண்டுமெனில் அவரது மேசைக்குப் பகலொளி எட்ட வேண்டும். சாளரத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதைப் போல் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை மடங்கு தொலைவு வரையே பயன்படும் அளவு ஒளி உள்ளே செல்லும் என்பது கட்டிடக் கலைஞர்கள் கையாளும் தோராயக் கணக்கு. மேல்விளிம்பு 2.5 மீட்டர் உயரத்தில் இருப்பின் ஒளி 5 அல்லது 6 மீட்டர் வரையே செல்லும். எனவே பழைய அலுவலகங்கள் ஒடுங்கியவையாகவோ, நடுவில் திறந்த வெளி உடையனவாகவோ கட்டப்பட்டன. பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்து 1906 இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நிறைவடைந்த லார்க்கின் கட்டிடத்தில், கண்ணாடிக் கூரை வழியே ஒளி இறங்கும் ஐந்து மாடி உயர நடுக்கூடம் ஒன்று இருந்தது. அக்கட்டிடம் 1950 இல் இடிக்கப்பட்டது.

1930களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஒளிரும் குழல் விளக்கும், அதனை அடுத்துப் பரவிய குளிரூட்டலும் இக்கட்டுப்பாட்டை நீக்கின. குறைந்த வெப்பத்தில் நிறைந்த ஒளி கிடைத்ததால், சாளரத்திலிருந்து 15, 20 மீட்டர் தள்ளியும் மேசைகளைப் போட முடிந்தது. ஒரே தளத்தில் கூடுதல் ஆட்களை அமர்த்த முடிந்ததால் நிலத்தின் விலைக்கு இது இலாபகரமாகவும் அமைந்தது. அலுவலகப் பணியாளருக்கு வெளியுலகம் மறைந்து போனதற்கு எவரும் அதனை வெறுத்தது காரணமன்று, இந்தக் கணக்கே காரணம் எனலாம்.

1950களின் இறுதியில் ஜெர்மனியில் செனெல்லே உடன்பிறப்புகளின் குவிக்போர்னர் குழு, அலுவலக நிலத்தோற்றம் எனப் பொருள்படும் பியூரோலாண்ட்சாஃப்ட் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. சுவர்கள் நீக்கப்பட்டு, மேசைகள் ஒழுங்கற்ற கூட்டங்களாக இடப்பட்டு, அவற்றுக்கிடையே தடுப்பாகப் பெரிய தொட்டிச் செடிகள் வைக்கப்பட்டன. இன்றைய அலுவலகங்களில் செடித்தொட்டி காணப்படுவதற்கு இம்முறை ஒரு முக்கிய மூலம். ஆயினும் அங்கே செடி, சுவருக்குப் பதிலாகவே வந்தது. மிக அகன்ற தளத்தின் நடுவில் அமர்ந்தவருக்குச் சாளரம் முன்போலவே எட்டாத தொலைவில் இருந்தது.

1973 இன் எண்ணெய் நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கியது. எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கில் கட்டிடங்கள் இறுக்கமாக மூடப்பட்டன, உள்ளே செலுத்தப்படும் வெளிக்காற்றின் அளவும் குறைக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, சோர்வு ஆகியன அலுவலகத்தில் தோன்றி வீடு திரும்பியதும் மறைவதாகப் பல நாடுகளிலும் பணியாளர்கள் முறையிட்டனர். நோயுறு கட்டிட நோய்க்கூட்டறிகுறி என இது 1980களின் முற்பகுதியில் உலக சுகாதார நிறுவனத்தால் கவனத்தில் கொள்ளப்பட்டது. உயிர்நேய வடிவமைப்பின் மீதான ஆர்வம் இப்பின்னணியிலேயே எழுந்தது.

சாளரம் பற்றிய ஆய்வுகள்

இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்ததாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் ஆராய்ந்தார். அங்கு ஒரு பக்கத்து அறைகளின் சாளரங்கள் மரங்களை நோக்கியும், சில அறைகளின் சாளரங்கள் பழுப்பு நிறச் செங்கற்சுவரை நோக்கியும் இருந்தன. வயது, பாலினம் முதலியவற்றில் ஒத்த 23 இணைகளை, அதாவது 46 நோயாளிகளை, அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாட்களும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களும் மருத்துவமனையில் தங்கினர். முன்னவர்களுக்கு வலிமை மிக்க வலிநீக்கிகள் குறைவாகவே தேவைப்பட்டன. மரங்களில் இலை இருக்கும் மே முதல் அக்டோபர் வரையான காலத்துப் பதிவுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. 1984 இல் சயன்ஸ் இதழில் வெளியான இவ்வாய்வு சிறியது. எனினும் மருத்துவர்களோ செவிலியர்களோ தாம் ஆராயப்படுவதை அறியாத காலத்துப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டது என்பது இதன் வலிமையாகும்.

காட்சிக்கும் மன நிலைக்கும் உள்ள தொடர்பை விளக்க, ரேச்சல் கப்லான், இசுடீபன் கப்லான் இணையர் கவனமீட்புக் கோட்பாட்டை முன்வைத்தனர். அவர்களது நூல் 1989 இல் வெளிவந்தது. கணக்குச் சரிபார்த்தல், நிரல் எழுதுதல் போன்ற பணிகளில் மனம் ஒன்றன் மேல் வலிந்து நிறுத்தப்படுகிறது. பிற தூண்டல்களை இடைவிடாது ஒதுக்க வேண்டியிருப்பதால் இவ்வகைக் கவனம் களைத்துப் போகும். அசையும் இலை, நகரும் முகில், நீரில் விழும் மழைத்துளி போன்றவை முயற்சியின்றியே கவனத்தை ஈர்க்கின்றன, ஆனால் முழுமையாகப் பறித்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில் வலிந்த கவனம் ஓய்வு பெறுகிறது என்பது கோட்பாட்டின் சாரம். தொலைக்காட்சியும் முயற்சியின்றிக் கவனத்தை ஈர்ப்பதே. ஆனால் அது முழுவதையும் எடுத்துக்கொள்வதால் இவ்வகை ஓய்வைத் தருவதில்லை எனப்படுகிறது.

அலுவலகத்திலேயே செய்யப்பட்ட ஆய்வுகளுள் 2003 இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகர மின்வழங்கல் நிறுவனத்தில் எசோங் மகோன் குழு நடத்தியது குறிப்பிடத்தக்கது. வாடிக்கையாளர் தொலைபேசி அழைப்புகளுக்கு விடையளிக்கும் பிரிவில் ஒவ்வோர் அழைப்பும் எடுத்துக்கொள்ளும் நேரம் கணினியில் பதிவாகும். ஆதலால் அளவீடு பணியாளரின் சொல்லை நம்பியிருக்கவில்லை. மிகச் சிறந்த வெளிக்காட்சி உடையவர்கள், வெளிக்காட்சியே இல்லாதவர்களை விட அழைப்புகளை 6 முதல் 12 விழுக்காடு விரைவாகக் கையாண்டனர். அதே ஆய்வுத் தொடரில், சாளரத்திலிருந்து கண்கூச்சம் ஏற்படும் இடங்களில் செயற்றிறன் குறைந்ததும் கண்டறியப்பட்டது. பெரிய கண்ணாடி மட்டும் போதாது, அதற்கு நிழலும் வேண்டும் என்பது இதன் பொருள்.

சாளரத்துக்குப் பதிலாகத் திரை வைத்தால் என்ன என்னும் கேள்வியையும் ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கான் குழுவினர் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், 90 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் இயற்கைக் காட்சியுடைய கண்ணாடிச் சாளரத்தின் அருகிலும், மற்றொரு குழுவினர் அதே காட்சியை நேரலையாகக் காட்டும் 50 அங்குலப் பிளாஸ்மா திரையின் அருகிலும், மூன்றாம் குழுவினர் வெற்றுச் சுவரின் அருகிலும் அமர்ந்தனர். சிறு மன அழுத்தத்துக்குப் பின் இதயத் துடிப்பு தணியும் வேகம் அளக்கப்பட்டது. சாளரத்தின் அருகில் இருந்தோருக்கு அது விரைவாகத் தணிந்தது. திரைக்கும் வெற்றுச் சுவருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அலுவலகச் சுவர்களில் அருவிப் படங்களை ஓடவிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய முடிவு இது.

செடிகளும் செயற்றிறனும்

செடிகளைப் பொறுத்தவரை, நெதர்லாந்திலும் பிரித்தானியாவிலும் இயங்கும் அலுவலகங்களில் செய்யப்பட்டு 2014 இல் வெளியான மூன்று களச் சோதனைகள் பெரிதும் பேசப்படுகின்றன. மேசை, கணினி தவிர வேறெதுவும் இல்லாத வெறுமையான அலுவலகத்தில் செடிகள் சேர்க்கப்பட்ட பின், பணியாளர்களின் மனநிறைவும் கவனமும் கூடின. செயற்றிறன் 15 விழுக்காடு உயர்ந்ததாக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். செடி விற்பனை நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்த 15 விழுக்காடு, எவ்வகை அலுவலகத்துக்கும் பொருந்தும் விதி போலக் காட்டப்படுவதுண்டு. ஒப்பீடு முற்றிலும் வெறுமையான அறையுடன் செய்யப்பட்டது என்பது அங்கே விடுபட்டுப் போகிறது.

இதற்கு முன்னர், 2010 இல், கிரெய்க் நைட், அலெக்சாண்டர் ஆசுலாம் ஆகியோர் வெளியிட்ட சோதனை அதிகம் அறியப்படாதது, ஆனால் கூடுதல் பயனுள்ளது. வெறுமையான அறை, செடிகளும் படங்களும் வைக்கப்பட்ட அறை, அதே செடிகளையும் படங்களையும் பணியாளரே தம் விருப்பப்படி வைத்துக்கொண்ட அறை, பணியாளர் வைத்த பின் மேலாளர் வந்து மாற்றியமைத்த அறை என நான்கு நிலைகள் ஒப்பிடப்பட்டன. வெறுமையான அறையை விட, செடி வைக்கப்பட்ட அறையில் செயற்றிறன் 17 விழுக்காடு கூடுதலாகவும், பணியாளரே அமைத்துக்கொண்ட அறையில் 32 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. மேலாளர் மாற்றியமைத்த அறையில் கிடைத்த பயன் அனைத்தும் அழிந்தது. நான்காம் அறையிலும் அதே செடிகள்தாம் இருந்தன.

செடிகளும் காற்றுத் தூய்மையும்

அறைச் செடிகள் காற்றைத் தூய்மைப்படுத்துகின்றன என்னும் கருத்து, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகப் பில் வொல்வர்டன் 1989 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையிலிருந்து பரவியது. விண்கலம் போன்ற மூடிய வெளியில் பென்சீன், பார்மால்டிகைடு, டிரைகுளோரோ எத்திலீன் ஆகிய ஆவிகளைச் செடிகள் எவ்வளவு உறிஞ்சும் என்பதே அதன் கேள்வி. இறுக மூடிய சிறு பெட்டிகளில் செடியை வைத்து, ஒருமுறை ஆவியைச் செலுத்தி, மணிக்கணக்கில் காத்திருந்து அளந்தனர். ஆவி குறைந்தது உண்மையே. இப்பணியில் வேர்ப்பகுதியின் நுண்ணுயிர்களும் பங்கு பெறுகின்றன.

அலுவலகம் மூடிய பெட்டி அன்று. கதவிடுக்குகள் வழியாகவும் காற்றோட்டக் குழாய்கள் வழியாகவும் அதன் காற்று ஒவ்வொரு மணி நேரமும் மாறிக்கொண்டே உள்ளது. பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கம்மிங்ஸ், வாரிங் ஆகியோர், 12 ஆய்வுகளில் வெளிவந்த 196 சோதனை முடிவுகளை ஒரே அளவுகோலுக்கு மாற்றி 2019 இல் மீளாய்வு செய்தனர். சாதாரணக் காற்றோட்டம் அகற்றும் அளவுக்குச் செடிகளும் ஆவிகளை அகற்ற வேண்டுமெனில், தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் தேவை என அவர்கள் கணித்தனர். கரியமில வாயுவுக்கும் இதே நிலைதான். அமர்ந்து பணிபுரியும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 35 கிராம் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அறையின் மங்கிய ஒளியில் ஒரு தொட்டிச் செடி எடுத்துக்கொள்வது அதில் நூறில் ஒரு பங்கை எட்டுவதும் அரிது.

இந்தியாவில் இக்கருத்துப் புகழ்பெற டெல்லி நேரு பிளேசில் உள்ள பகார்ப்பூர் வணிக மையம் ஒரு காரணமாகும். அதன் தலைவர் கமல் மீட்டில் 2009 இல் டெட் மாநாட்டில் ஆற்றிய சிற்றுரையில், அரிக்கா பனை, பாம்புச் செடி எனப்படும் மருள் இனச் செடி, மணி பிளான்ட் ஆகிய மூன்றைக் கொண்டே தேவையான தூய காற்றை வளர்த்துக்கொள்ளலாம் என்றார். 50,000 சதுர அடிப் பரப்புடைய அக்கட்டிடத்தில் 300 பேருக்கு 1,200க்கும் மேற்பட்ட செடிகள் வைக்கப்பட்டிருந்தன. இது 4 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு செடியாகும். மேற்கூறிய மீளாய்வின் மிகக் குறைந்த அளவின்படி பார்த்தாலும் அங்கு 46,000க்கும் மேற்பட்ட செடிகள் தேவைப்பட்டிருக்கும். அக்கட்டிடத்தின் காற்று நன்றாக இருந்தது என்பதில் முரண்பாடு இல்லை. வெளிக்காற்றை நீரால் கழுவியும் வடிகட்டியும் உட்செலுத்தும் பொறியமைப்பும் அங்கு இருந்தது. டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் நுண்துகள்களைத் தடுப்பது வடிகட்டியே. செடியை நம்பி வடிகட்டியைத் தவிர்ப்பவர், மூச்சுத் தொல்லை உடைய பணியாளரைத் தீங்குக்கு உள்ளாக்குகிறார்.

ஒளி

வெயிலில் திறந்தவெளியின் ஒளிர்வு 100,000 லக்ஸ் வரையும், பகல்நேர மரநிழலில் சில ஆயிரம் முதல் 10,000 லக்ஸ் வரையும் இருக்கும். அலுவலக மேசைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 300 முதல் 500 லக்ஸ். படிப்பதற்கு இது போதும். ஆனால் கண்ணின் வேலை படிப்பது மட்டுமன்று. விழித்திரையில் காட்சிக்குரிய கூம்பு, கோல் உயிரணுக்களைத் தவிர, மெலனோப்சின் என்னும் நிறமியைக் கொண்டு தாமே ஒளியை உணரும் நரம்பு உயிரணுக்களும் உள்ளன என்பது 2002 இல் உறுதி செய்யப்பட்டது. இவை மூளையின் உட்கடிகாரத்துக்குப் பகல் எது, இரவு எது எனத் தெரிவிக்கின்றன. நீலம் கலந்த வலிய ஒளிக்கே இவை நன்கு துலங்கும். பகல் முழுவதும் மங்கிய அறையிலும், இரவில் விளக்கொளியிலும் வாழ்பவருக்கு இவ்வேறுபாடு தேய்ந்துவிடுவதால் உறக்கம் பாதிக்கப்படலாம். சாளரத்தருகில் சில ஆயிரம் லக்ஸ் ஒளி மின்செலவின்றிக் கிடைக்கிறது.

செடிக்கும் இதே ஒளியே உணவு. சாளரத்திலிருந்து நெடுந்தொலைவில் வைக்கப்படும் செடி மெல்லப் பட்டினி கிடந்து, இலை உதிர்த்து, சில மாதங்களில் மாற்றப்படுகிறது. செடி வாடும் இடத்தில் மனிதர் அமர்ந்துள்ளார் என்பதை அத்தொட்டி அறிவிக்கிறது எனவும் கொள்ளலாம்.

சில கட்டிடங்கள்

நியூயார்க்கில் 1967 இல் நிறைவடைந்த போர்டு அறக்கட்டளைக் கட்டிடம் இவ்வகையின் முன்னோடியாகும். கெவின் ரோச், ஜான் டிங்கலூ ஆகியோர் வடிவமைத்த இப்பன்னிரு மாடிக் கட்டிடத்தின் உள்ளே, ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர் பரப்பில் டேன் கைலி அமைத்த தோட்டம் உள்ளது. அலுவலக அறைகளின் கண்ணாடிக் கதவுகள் தோட்டத்தை நோக்கித் திறந்தன. எதிர்ப்பக்கத்து அறையில் பணிபுரிபவரையும் தோட்டத்தினூடே காண முடிந்தது. தொடக்கத்தில் நடப்பட்ட மிதவெப்ப மண்டல மரங்களுள் பல நிலைக்காமல், பின்னர் வெப்பமான சூழலுக்குரிய இனங்கள் இடம்பெற்றன. ஆண்டு முழுவதும் மனிதருக்கு ஏற்ற ஒரே வெப்பநிலை நிலவும் அறை, குளிர்கால ஓய்வை எதிர்பார்க்கும் மரத்துக்கு ஏற்றதன்று.

இதே சிக்கலை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் 2018 இல் திறந்த கண்ணாடிக் கோளங்கள் வேறுவிதமாகக் கையாண்டன. 40,000 செடிகள் கொண்ட அவ்விடத்தில் பகலில் ஏறத்தாழ 22 பாகை செல்சியசும் 60 விழுக்காடு ஈரப்பதனும், ஆட்கள் சென்ற பின் இரவில் 13 பாகையும் 85 விழுக்காடு ஈரப்பதனும் இருக்குமாறு திட்டமிடப்பட்டது. அதாவது பகல் மனிதருக்கும் இரவு செடிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அங்கு எவருக்கும் நிலையான மேசை இல்லை. கூட்டத்துக்கும் மாறுதலுக்கும் சென்று வரும் இடமாகவே அது அமைந்தது. சிங்கப்பூரில் 2021 இல் நிறைவடைந்த 280 மீட்டர் உயரக் கேப்பிட்டாஸ்பிரிங் கட்டிடமும், தரையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் நான்கு மாடிகளுக்குத் திறந்த தோட்டத்தைக் கொண்டுள்ளது.

இவற்றுள் அன்றாடப் பணியாளரை மிகுதியாகக் கருத்தில் கொண்டது, நார்மன் பாஸ்டர் வடிவமைத்து 1997 இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் நிறைவடைந்த கொமர்ஸ்பேங்க் கோபுரம் எனலாம். 259 மீட்டர் உயரமான இக்கோபுரம் முக்கோண வடிவினது. நடுவில் மேலிருந்து கீழ்வரை வெற்றிடம் உள்ளது. ஒவ்வொன்றும் நான்கு மாடி உயரமுள்ள ஒன்பது தோட்டங்கள், மூன்று பக்கங்களிலும் சுழன்று ஏறும் முறையில் அமைக்கப்பட்டுள்ளன. இதனால் உட்பக்க அறையில் இருப்பவருக்கும் வெற்றிடத்தின் குறுக்கே ஒரு தோட்டமும், அதற்கப்பால் வானமும் தெரியும். சாளரங்களைப் பணியாளரே திறக்கலாம்.

வெப்ப நாடுகளில்

குளிர் நாடுகளில் உருவான கண்ணாடிப் பெட்டி வடிவத்தை வெப்ப நாடுகளில் அப்படியே கட்டும்போது, வெயிலைத் தடுக்கக் கருமையான அல்லது எதிரொளிக்கும் கண்ணாடி பொருத்த வேண்டியுள்ளது. அது வெப்பத்தோடு பகலொளியின் பெரும்பகுதியையும் தடுக்கிறது. திரையில் கூச்சம் ஏற்படுவதால் எஞ்சிய ஒளியையும் மறைக்கத் திரைச்சீலைகள் இறக்கப்படுகின்றன. வெளிப்புறம் முழுவதும் கண்ணாடியாகவும் உட்புறம் முழுவதும் மின்விளக்காகவும் உள்ள இத்தகைய கட்டிடங்களைச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரிலும் காணலாம்.

இப்பகுதிகளின் மரபுக் கட்டிடங்களில் வேறு தீர்வு இருந்தது. தமிழக வீடுகளின் முற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் வெயிலை உள்ளே விடாமல் வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் விடுவன. இம்மரபை அலுவலகத்துக்குப் பயன்படுத்தியவர்களுள் இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) குறிப்பிடத்தக்கவர். கொழும்பு அல்பிரட் இல்ல வீதியில் 1960களின் தொடக்கத்தில் அவர் ஒரு வீடாக வடிவமைத்த கட்டிடம், பின்னர் அவரது அலுவலகமாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த முற்றங்களும் நீர்த்தொட்டியும் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் கொண்ட அவ்விடம் 1998 முதல் உணவகமாக இயங்கி வருகிறது. 1970களின் இறுதியில் கொழும்பில் அவர் வடிவமைத்த அரச ஈட்டு வங்கிக் கட்டிடத்தில், பல மாடி அலுவலகத்துக்கும் இயற்கைக் காற்றோட்டம் போதும்படி திட்டமிட்டார்.

பராமரிப்பும் தீங்குகளும்

செடி வளர்ப்பதற்கு முதலில் எழும் கேள்வி எடை. இந்தியத் தர நிறுவனத்தின் விதிமுறை, அலுவலக அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன் வரையான சுமையைக் கணக்கிடச் சொல்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நனைந்த மண் நிரப்பினால், அதுவே சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டனைத் தாண்டும். எனவே முடிந்த கட்டிடத்தில் பிற்பாடு பாத்தி கட்டுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குத் தேவை. தனித்தனித் தொட்டிகளுக்கு இச்சிக்கல் பொதுவாக இல்லை.

வெப்ப நாடுகளில் எடையை விடப் பெரிய தீங்கு கொசுவாகும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு எகிப்தி கொசு, சாக்கடையில் அன்றித் தெளிந்த நீர் தேங்கும் சிறு கலங்களிலேயே முட்டையிடுகிறது, பகலில் கடிக்கிறது, மனிதர் நடமாடும் அறைகளிலேயே தங்குகிறது. தொட்டியின் அடியில் உள்ள நீர்த்தட்டும், நீரில் வேர்விட்டு வளர்க்கப்படும் மணி பிளான்ட் புட்டியும் அதற்குப் பொருத்தமான இடங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது அவசியம். முட்டைகள் உலர்ந்த பக்கச்சுவரில் மாதக்கணக்கில் உயிருடன் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. இக்கடமை யாருடையது என்று எழுதி வைக்காத அலுவலகத்தில் நீண்ட விடுமுறைகளின்போது இது தவறிவிடுகிறது.

மிகையாக நீரூற்றப்படும் தொட்டிகளில் பூஞ்சையும் சிறு ஈக்களும் பெருகும். செங்குத்துத் தோட்டம் எனப்படும் பசுஞ்சுவர்களுக்குக் குழாய், விசையியக்கக் குழாய், உரக்கரைசல், வளர்ப்பு விளக்கு ஆகியன தேவை. விசையியக்கக் குழாய் சில நாட்கள் நின்றாலே சுவர் முழுவதும் காய்ந்துவிடக்கூடும். இவற்றைத் தவிர்க்கச் சில அலுவலகங்கள் பதப்படுத்திய பாசிச் சுவர்களை நாடுகின்றன. கிளிசரினில் ஊறவைத்துச் சாயமேற்றப்பட்ட அப்பாசி உயிரற்றது. அதற்கு உயிர்நேயம் என்னும் பெயர் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

விதிகளும் விமர்சனங்களும்

டெராபின் பிரைட் கிரீன் என்னும் அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 2014 இல் உயிர்நேய வடிவமைப்புக்கு 14 வடிவக்கூறுகளை வகுத்தது. அதே ஆண்டு வெளிவந்த வெல் கட்டிடத் தரமும் இதற்கு மதிப்பளிக்கிறது. இவை விரும்பினால் பின்பற்றக்கூடியவை. ஜெர்மனியிலோ 2016 இல் திருத்தப்பட்ட பணியிட விதிமுறை, சில விலக்குகளுடன், நிலையான பணியிடங்களில் வெளியே காணும் வசதி இருக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கியுள்ளது. மதிப்பெண் தரும் முறைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. வரவேற்பறையில் பசுஞ்சுவர் அமைத்து மதிப்பெண் பெறும் நிறுவனத்தில், பணியாளர் அனைவரும் சாளரமற்ற நடுத்தளத்தில் அமர்ந்திருக்கக்கூடும். சாளரத்தை ஒட்டிய இடங்கள் உயர் அலுவலர்களின் தனியறைகளுக்கு ஒதுக்கப்படும் வழக்கமும் பல நாடுகளில் உள்ளது. அவ்வறைகளை நடுவுக்கு மாற்றி, விளிம்பைப் பொது மேசைகளுக்கு விடுவதற்குச் செடி வாங்கும் செலவு கூட இல்லை.

வில்சனின் கருதுகோளும் கேள்விக்கு உட்பட்டதே. பாம்பு, சிலந்தி, அடர்ந்த இருட்காடு ஆகியவற்றின் மீதான அச்சமும் மனிதரிடம் உள்ளது. எந்த விருப்பத்தையும் பரிணாமத்தின் பெயரால் விளக்கிவிடலாம் எனில் அக்கருதுகோளைச் சோதிப்பது கடினம் என்பர். ஆயினும் சாளரம் பற்றிய அளவீடுகள் இக்கருதுகோளைச் சார்ந்து நிற்பவை அல்ல. காரணம் எதுவாயினும் அழைப்புகளின் நேரம் குறைந்தது.

வேறொரு வரம்பு இந்திய மென்பொருள், அழைப்பு மையப் பணியாளர்களைப் பொறுத்தது. அமெரிக்க நேரத்துக்கு ஏற்ப இரவில் பணிபுரிபவருக்குச் சாளரம் கருங்கண்ணாடியாகவே தெரியும். பகல்நேரச் சாளர ஆய்வுகளின் முடிவுகளை அவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. இரவுப் பணியின் முற்பகுதியில் வலிய ஒளியும், பின்பகுதியில் மங்கிய ஒளியும், காலையில் வீடு திரும்பும்போது கண்ணில் வெயில் படாமையும் அவர்களது உறக்கத்துக்கு உதவும். விழித்ததும் பிற்பகல் வெயிலில் சிறிது நேரம் வெளியே இருப்பதற்கு, பணிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி வரும் நேரமும் இடம் கொடுக்க வேண்டும்.